புற்றுநோயாளரும் மனநலத் துணைவரும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். இச்சங்கத்தின் உதவியால் படித்து முன்னேறிய ஆசிரியர்களும் செவிலியர்களும் பொறியாளர்களும் அரசு அலுவலர்களும் இதே பந்தலில் அமர்ந்திருக்கின்றார்கள். இனி வரும் பிள்ளைகள் எத்துறையில் அடியெடுத்து வைக்கலாம் என்பதைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். மருத்துவம், பொறியியல், ஆட்சிப் பணி ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல இங்கே பலர் உளர். ஆதலின், நம் பிள்ளைகளிற் பலர் பெயரும் கேட்டிராத ஒரு தொழிலைப் பற்றிப் பேச நாம் எண்ணினோம். அது புற்றுநோயால் தாக்குண்டவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் மனநலத் துணையாய் நிற்கும் உளச்சிகிச்சையாளரின் தொழில்.

மங்கலமான விழாவில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு எனப் பெரியவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்நோயின் பெயரைச் சொல்லவும் நம் நாக்குக் கூசுகின்றது. அந்தக் கூச்சத்திலிருந்துதான் இத்தொழிலின் தேவையே பிறக்கின்றது.

உள்ளம் படும் பாடு

புற்றுநோய் என்னும் சொல் காதில் விழுந்த கணமே மனிதனுடைய உலகம் மாறிவிடுகின்றது. அதற்குப் பின் மருத்துவர் சொல்லும் சொற்களிற் பல அவன் செவியில் ஏறுவதில்லை. வீடு திரும்பிய பின்னரோ கேள்விகள் வரிசையாய் வந்து நிற்கும். பிள்ளைகளின் கதி என்ன? வட்டிக்கு வாங்கிய பணத்தை எவர் கட்டுவார்? நாளைக் கூலிக்கு யார் போவார்? இந்த நோய் நமக்கு வரும்படி நாம் செய்த பாவம்தான் யாது? இரவில் உறக்கம் பிடிப்பதில்லை. ஆண்மக்கள் சிலர் அச்சத்தைச் சினமாகக் காட்டுவர். பெண்கள் பலர் வாய் திறவாமல் அடுக்களை மூலையில் அழுவர்.

சிகிச்சை தொடங்கிய பின் வேறு துன்பங்கள் சேர்கின்றன. மார்பகம் அகற்றப்பெற்ற பெண் கண்ணாடியின் முன் நிற்க அஞ்சுகின்றாள். தாடையில் அறுவை செய்துகொண்டவர் பந்தியில் அமர்ந்து உண்ண நாணுகின்றார். குரல்வளையை இழந்தவர் பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க இயலாமல் தவிக்கின்றார். சிகிச்சை முடிந்து நோய் நீங்கிற்று என்று மருத்துவர் சொன்ன பிறகும் மனம் ஓய்வதில்லை. மறு சோதனைக்குரிய நாள் நெருங்க நெருங்க, மீண்டும் வந்துவிட்டதோ என்னும் ஐயம் நெஞ்சைப் பிடித்துக்கொள்கின்றது. தலைவலி வந்தாலும், சளி பிடித்தாலும், அதுவாக இருக்குமோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

இவை கோழைத்தனமும் அல்ல, பித்தும் அல்ல. பெருந்துன்பத்தை எதிர்கொண்ட மனத்தின் இயல்பான துடிப்பே இவை. ஆயினும், இயல்பானது என்பதனால் தனியே விட்டுவிடலாம் என்று பொருளாகாது. எலும்பு முறிந்தால் வலிப்பது இயல்பு. அதற்காகக் கட்டுப் போடாமல் இருக்கின்றோமா?

இங்கே ஒரு வேறுபாட்டை இளைஞர்கள் அறிதல் வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, மனநோய்களுக்கு மருந்து எழுதித் தரும் உரிமை உடையவர். உளச்சிகிச்சையாளரோ உளவியல் பயின்று, செவிமடுத்தல், உரையாடல், பயிற்சி ஆகியவற்றின் வழியே துன்பத்தைத் தணிப்பவர். ஆழ்ந்த மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படும்போது இவர் நோயாளியை மருத்துவரிடம் அனுப்பி வைப்பார். இருவரும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் போன்றவர்கள்.

இத்துறை வளர்ந்த வரலாறு

புற்றுநோய் மருத்துவத்தில் தமிழகம் பின்தங்கிய நாடன்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் அயரா முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. தொடக்கத்தில் அங்கே இருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. 1955இல் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்கள் 2021இல் மறையும் வரை அந்நிலையத்தையே தம் வாழ்வாகக் கொண்டார்கள். ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே தரமான சிகிச்சை என்பது அவர்கள் விடாது பற்றிய கொள்கை.

உள்ளத்தின் நோவைத் தனியே கருதும் எண்ணம் மேலை நாடுகளிலும் மெல்லத்தான் வந்தது. இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியராகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின்னரே மருத்துவம் படித்தவர். 1967இல் அவர் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். சாவை நெருங்கியவரின் வலி உடலின் வலி மட்டுமன்று. மனத்தின் வலி, குடும்பத்தைப் பற்றிய வலி, வாழ்வின் பொருளைத் தேடும் வலி ஆகிய யாவும் ஒன்றாய்ப் பின்னிக் கிடப்பது என்பது அவர் கண்டுரைத்த உண்மை. அதனை அவர் முழுவலி என்னும் பொருள்பட அழைத்தார்.

1968இல் பேரறிஞர் அண்ணா அவர்கள் அறுவை மருத்துவத்துக்காக நியூயார்க் நகரத்து மெமோரியல் மருத்துவமனைக்குச் சென்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் புற்றுநோய் அவரை நம்மிடமிருந்து பிரித்தது. அதே மருத்துவமனையில்தான் 1977இல், ஜிம்மி ஹாலண்டு என்னும் மனநல மருத்துவ அம்மையார், புற்றுநோயாளரின் மனநலத்துக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். அவர் கணவரும் புற்றுநோய் மருத்துவரே. நோயாளியின் குருதியையும் எடையையும் நாள்தோறும் குறித்துக்கொள்ளும் மருத்துவர்கள், அவர் மனம் எப்படி இருக்கின்றது என்று மட்டும் ஏன் கேட்பதில்லை என்பதே அவ்வம்மையாரை உறுத்திய கேள்வி. உலகின் பல நாட்டாரும் சேர்ந்த உளப்புற்றுநோயியல் சங்கம் 1984இல் அமைந்தது. இன்று நம் அடையாறு நிலையத்திலும் இதற்கெனத் தனித் துறை உண்டு.

அவர் செய்யும் பணி யாது?

முதற்பணி, கேட்டல். ஆறுதல் சொல்லுதல் வேறு, கேட்டல் வேறு. நாம் நோயாளியைப் பார்க்கச் சென்றால், "ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு" என்று சொல்லிவிட்டுப் பழத்தை வைத்துவிட்டு எழுந்துவிடுகின்றோம். அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் வாயை அடைத்துவிடுகின்றோம். உளச்சிகிச்சையாளரோ அருகில் அமர்ந்து, நோயாளி அழுதால் அழவிட்டு, சினந்தால் சினக்கவிட்டு, எவரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல இடம் தருகின்றார். கேட்டதை வெளியே சொல்லாமல் காக்கின்றார்.

துன்பத்தை அளக்க ஓர் எளிய கருவியும் உண்டு. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி போன்ற ஒரு படம். அதில் 0 முதல் 10 வரை எண்கள். சென்ற ஒரு வாரத்தில் மனத்துன்பம் எவ்வளவு இருந்தது என்பதை நோயாளி தாமே குறிக்க வேண்டும். பணம், பயணம், பிள்ளைகள், அச்சம், உறக்கம், வலி என ஒரு பட்டியலும் உடன் இருக்கும். எண் 4 அல்லது அதற்கு மேல் என்றால் அவரைத் தனியே அமர்த்திப் பேச வேண்டும் என்பது பொதுவான வழக்கு. பேருந்துக் கட்டணம் இல்லாததே ஒருவரின் பெருந்துன்பமாய் இருக்கும். அவருக்குத் தத்துவம் பேசிப் பயனில்லை. கட்டணச் சலுகைக்கு வழிகாட்டுவதே அன்றைய சிகிச்சை.

இனி ஒரு சான்று. ஆசிரியப் பயிற்சியில் பாவ்லவின் நாயைப் பற்றி நாம் படித்திருக்கின்றோம். மணியோசையும் உணவும் பலமுறை சேர்ந்து வந்தபின், மணியோசை கேட்டாலே அந்த நாயின் வாயில் நீர் ஊறிற்று. மருந்தேற்றும் சிகிச்சை பெறுவோரிடமும் இதுவே நிகழ்கின்றது. மருந்தினால் சிலமுறை வாந்தி எடுத்தவருக்கு, நாளடைவில் மருத்துவமனை வாயிலைக் கண்டாலே, அந்த மருந்து வாடை மூக்கில் பட்டாலே குமட்டல் வந்துவிடும். சிலர் இதற்கு அஞ்சியே சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகின்றார்கள். மூச்சைச் சீராக்கும் பயிற்சி, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, அஞ்சும் காட்சியைச் சிறிது சிறிதாகப் பழக்கும் முறை ஆகியவற்றால் உளச்சிகிச்சையாளர் இக்குமட்டலைத் தணிக்கின்றார். பேச்சும் பயிற்சியும் ஓர் உயிர்காக்கும் மருந்தைத் தொடர்ந்து ஏற்கச் செய்கின்றன என்றால், இப்பணியை அலங்காரம் என்று எவர் சொல்ல இயலும்?

மற்றொன்று, உண்மையைச் சொல்லும் முறை. நம் குடும்பங்களில் பெரும்பாலும் நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்வதில்லை. மகன் மருத்துவரின் கையைப் பிடித்து, "அப்பாவிடம் சொல்லாதீர்கள்" என்று மன்றாடுவான். தந்தையோ அனைத்தையும் உணர்ந்துகொண்டு, மகன் வருந்துவானே என்று தெரியாதவர்போல் நடிப்பார். ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியே அழுதுகொண்டிருப்பர். உளச்சிகிச்சையாளர் இங்கே வலிந்து உண்மையைப் போட்டுடைப்பதில்லை. எவ்வளவு அறிய விரும்புகின்றீர்கள் என்று நோயாளியையே கேட்கின்றார்; அறிய விரும்பாதவரின் விருப்பத்தையும் மதிக்கின்றார்; குடும்பத்தாரை ஆயத்தப்படுத்துகின்றார். கடைசி நாட்களில் தந்தையும் மகனும் மனம்விட்டுப் பேசிக்கொள்ள வழி பிறக்கின்றது. நிலம் யாருக்கு, கடன் யாரிடம், இளைய மகளின் படிப்பு என்னாவது என்பன யாவும் அப்போதுதான் முடிவாகின்றன.

செய்ய இயலாதது எது?

இதனையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1989இல் அமெரிக்க நாட்டின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்பீகல் என்பார் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோய் உடலெங்கும் பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்கள் அதில் இடம்பெற்றனர். வாரந்தோறும் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் மற்றவரினும் சராசரியாக ஒன்றரை ஆண்டு மிகுதியாக வாழ்ந்தனர் என்று அவ்வாய்வு கூறிற்று. உலகமே வியந்தது. ஆனால் 2001இல் வெளியான கனடா நாட்டு ஆய்வில் 235 பெண்களைச் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகல் அவர்களே மீண்டும் செய்த ஆய்விலும் அப்பயன் உறுதிப்படவில்லை. எனினும் கனடா ஆய்வில் அப்பெண்களின் மனத்துயரும் வலியும் குறைந்திருந்தன.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் பெரிது. மன உறுதி புற்றுநோயைக் கரைத்துவிடாது. அறுவையையும் கதிர்வீச்சையும் மருந்தையும் விட்டு, மனவலிமை ஒன்றே போதும் என்று சொல்பவர் எவராயினும் அவரை நம்பாதீர்கள். அதுமட்டுமன்று, "தைரியமாக இருந்தால் பிழைப்பாய்" என்று ஒருவரிடம் சொன்னால், நோய் முற்றும்போது, தம் தைரியக் குறைவே காரணம் என்று அவர் தம்மைத் தாமே நொந்துகொள்வார். நோயின் சுமைக்கு மேல் பழியின் சுமையையும் ஏற்றுவது அறமாகுமா? உளச்சிகிச்சையாளர் நாட்களை நீட்டுவதாக வாக்களிப்பதில்லை. இருக்கும் நாட்களில் மனிதன் மனிதனாக வாழ வழிசெய்கின்றார்.

தனிக்குவளையும் தனித்தட்டும்

அன்பர்களே, நம் சமூகத்துக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. தேநீர்க் கடையில் நமக்கெனத் தனிக்குவளை வைத்த காலத்தைப் பெரியவர்கள் கண்டிருக்கின்றார்கள். அக்குவளையைக் கையில் வாங்கியவனின் நெஞ்சு எப்படி எரிந்தது என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அத்தகைய நம் வீடுகளிலேயே, புற்றுநோய் வந்த தாய்க்குத் தனித்தட்டும், தனித் தம்ளரும், தனிப் பாயும் ஒதுக்கப்படுவதை என்னென்பது! ஒட்டிக்கொள்ளுமோ என்று பேரக்குழந்தையை அவள் மடியிலிருந்து பறித்துக்கொள்கின்றார்கள். பெண் கேட்டு வருபவர்கள் அறிந்தால் மணம் நின்றுவிடும் என்று அவளை உள்ளறையில் மறைக்கின்றார்கள்.

புற்றுநோய் தொட்டால் ஒட்டும் நோயன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, அருகில் படுப்பதாலோ, கட்டி அணைப்பதாலோ அது பரவாது. வெளியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரின் உடலில் கதிர் தங்கியிருப்பதில்லை. அவர் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கலாம். கதிரியக்க அயோடின் உட்கொண்டவர் போன்ற சிலருக்கு மட்டும் மருத்துவரே சில நாட்கள் விலகியிருக்கச் சொல்வார். அந்நாட்கள் கழிந்தால் அவ்விலக்கும் நீங்கும். மருந்தேற்றிக்கொண்டவரின் அருகில் சளி, காய்ச்சல் உள்ளவர் செல்லலாகாது என்பதும் உண்மையே. ஆனால் அது நம்மை அவரிடமிருந்து காப்பதற்கன்று, அவரை நம்மிடமிருந்து காப்பதற்கு.

ஒதுக்கலின் வலியை அறிந்த சமூகம் தன் நோயாளியை ஒதுக்கலாகாது. அவ்வாறு ஒதுக்குவோமாயின், நாம் எதிர்த்து நின்ற அந்தக் குவளையை நம் அடுக்களையில் நாமே வைத்துக்கொள்கின்றோம் என்றே பொருள்.

பிள்ளைகளையும் மறத்தலாகாது

நாம் பணியாற்றும் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி படித்து வந்தாள். நன்கு படிப்பவள், திடீரெனப் பள்ளிக்கு வருவது நின்றது. ஆசிரியைகள் வீட்டுக்குச் சென்று பார்த்தபோது, தாய்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றும், சமையலும் தம்பியின் பொறுப்பும் அவள் தலையில் விழுந்துள்ளன என்றும் தெரிந்தது. அவளிடம் எவரும் நோயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மருத்துவமனையின் உளவியல் ஆலோசகர் ஒருநாள் அவளைத் தனியே அழைத்து, படம் வரையச் சொல்லி, மெல்லப் பேச்சுக் கொடுத்தார். அப்போதுதான் அவள் நெஞ்சில் இருந்தது வெளிவந்தது. ஒருநாள் தாயுடன் சண்டையிட்டு, "நீ செத்துப் போ" என்று சொல்லிவிட்டாளாம். அதனால்தான் தாய்க்கு நோய் வந்தது என்று அக்குழந்தை பல மாதங்கள் எவரிடமும் சொல்லாமல் வெந்துகொண்டிருந்தாள்!

சொல்லால் புற்றுநோய் வராது என்பதை ஆலோசகர் அவளுக்கு விளக்கினார். தாயும் அவளை அருகில் அமர்த்தித் தலையைத் தடவினாள். வீட்டு வேலைக்குச் சித்தி முறையார் ஒருவர் வந்து உதவ ஏற்பாடாயிற்று. பள்ளியில் நாமும் ஆசிரியர்களும் அவளுக்கு விடுபட்ட பாடங்களை மாலையில் நடத்தினோம். அவள் ஆண்டுத் தேர்வை எழுதினாள். அந்த ஆலோசகர் இல்லையேல், ஒரு நோய் இரண்டு வாழ்க்கைகளை விழுங்கியிருக்கும். குழந்தைகளிடம் உண்மையை அவர்கள் வயதுக்கேற்ற சொற்களில் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிடில், அவர்களே ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் தம்மையே குற்றவாளியாக்கும் காரணமாய் இருக்கும்.

இளைஞர்களுக்கு

இத்தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகள் மேல்நிலைக் கல்விக்குப் பின் உளவியலில் இளங்கலையும் முதுகலையும் பயிலலாம். மருத்துவமனைகளில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற பயிற்சியை முடித்துப் பதிவு பெற வேண்டும். பாட முறைகள் மாறுவதுண்டு. ஆதலின் சேரும் முன் கல்லூரியிலும் கழகத்திலும் விசாரித்தல் நன்று. சமூகப் பணியில் முதுகலை பயின்று மருத்துவமனைச் சமூகப் பணியாளராகலாம். செவிலியர் படிப்பின் வழியேயும் இத்துறைக்கு வருவோர் உளர். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நம் சங்கம் துணை நிற்கும்.

இது எளிய பணியன்று. நாள்தோறும் பிறர் துயரைக் கேட்பவரின் உள்ளமும் களைத்துப்போகும். ஆதலின் இத்துறையினர் மூத்தவரிடம் தம் பணியைப் பற்றிப் பேசி, தம் மனச்சுமையை இறக்கி வைப்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொண்டுள்ளனர். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனித்தகுதி உண்டு என்பது நம் கருத்து. நம் மக்களின் பேச்சு, நம் வீட்டின் கடன், நம் தெருவின் நாணம் ஆகியவை அவர்கள் அறிந்தவை. சேரியிலிருந்து வந்த ஒரு தாய் தன் வாயைத் திறக்க, தன் மொழியை அறிந்த ஒருவர் எதிரே அமர்ந்திருப்பது எத்துணைப் பெரிய உதவி!

படிக்க வாய்ப்பில்லாதவரும் செய்யத்தக்கவை சில உள. தெருவில் எவருக்கேனும் இந்நோய் வந்தால், அவர் வீட்டில் ஒருவேளை உணவு உண்ணுங்கள். அதைவிடச் சிறந்த ஆறுதல் இல்லை. மருத்துவமனைக்கு முறைவைத்துத் துணை செல்லுங்கள். அவர் பேசும்போது குறுக்கிடாது கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் பாருங்கள். வலி தாங்காமல் தவிப்பவரை அரசு மருத்துவமனையின் வலிதணிப்புப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. வாழ்வே வேண்டா என்று எவரேனும் சொன்னால் அதனை விளையாட்டாய்க் கொள்ளாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நடுவண் அரசின் மனநலத் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

நம் சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளைப் பள்ளியின் கடைசி வரிசையிலிருந்து முன்வரிசைக்கு அழைத்து வந்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சமூகத்திலிருந்து இத்துறைக்கு ஒருவரேனும் வர வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அவர் வரும்வரை, நம் வீடுகளில் நோயுற்றவருக்கென்று வைத்த தனித்தட்டை இன்றிரவே எடுத்து, வீட்டுத் தட்டுகளோடு சேர்த்து அடுக்கி வைப்போமாக. அதற்குப் பட்டமும் வேண்டா, பணமும் வேண்டா.